71 வயது அப்பா வண்டி ஓட்டலாமா? எந்தச் சாலையில், எந்த நேரத்தில்?

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு 71 வயது. அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறார். கழனிக்கு மொபெட்டில் போகிறார். சர்க்கரைக்கும் கண்ணுக்கும் காட்ட மாதம் ஒருமுறை தன் பழைய காரிலேயே வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆண்டில் சில தடவை பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் அதே காரில் கிளம்பிவிடுகிறார். போன மாதம் இருட்டிய பிறகு திரும்பி வரும்போது ஒரு டிராக்டர் டிரெய்லரின் பின்பக்கத்தை உரசிவிட்டார். அண்ணன் சாவியை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார். அப்பா, ‘நாற்பது வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா’ என்று பேச்சையே முடித்துவிடுகிறார். என்ன செய்வது?

சாவியை வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அவருடைய மூன்று பயணங்களில் இரண்டு நிற்க வேண்டும்: ஆஸ்பத்திரிப் பயணம், பெங்களூர்ப் பயணம். கழனிப் பயணம் தொடரலாம், அதுவும் பகலில். நான் வேலூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வருவதைப் போலவே, ‘அப்பாவை ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்’ என்று பிள்ளைகள் அழைத்துவரும் பெரியவர்களும் எங்களிடம் வருகிறார்கள். பெரும்பாலும் கோபத்தோடுதான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. வயதை மட்டும் வைத்து ஒருவரை மதிப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஒரே மனிதர், ஒரே கண், ஒரே கால். ஊசூர்க் கிராமச் சாலையில் காலை பத்து மணிக்கு நல்ல ஓட்டுநராக இருப்பவர், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் மாலை ஆறு மணிக்குத் திணறுவார். பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் இரவு எட்டு மணிக்கு அவரே ஆபத்தானவராகிவிடுவார். ஒவ்வொரு சாலையும் உடம்பிடம் வெவ்வேறு வேலையைக் கேட்கிறது. ‘ஓட்டலாமா, கூடாதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்கும் வீடுகளில்தான் சண்டை முடியாமல் நீள்கிறது.

உடம்பில் என்ன மாறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேர்ந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடித்தபின் பார்வை மீள இளைஞருக்கு ஓரிரு வினாடி ஆகும் என்றால் பெரியவருக்கு அதைவிட அதிகம் ஆகும். புரை இருந்தால் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் விரிந்து, பக்கத்தில் நிற்பவர் அதற்குள் கரைந்துபோவார். கண் நீர் அழுத்த நோய் இருந்தால் நேரே தெரியும், பக்கவாட்டில் தெரியாது. நோயாளிக்கே அது புரியாது. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தலை முழுதாகத் திரும்பாது. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கி, கால் எந்தப் பெடலில் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும். கடைசியாக, ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களைக் கவனிக்கும் வேகம் குறையும். அனுபவம் இவற்றில் பலவற்றை ஈடுகட்டும். உங்கள் அப்பா இன்றுவரை பெரிய விபத்து இல்லாமல் ஓட்டுகிறார் என்றால் அது அனுபவத்தால்தான். ஆனால் வெளிச்சக் குறைவை அனுபவத்தால் ஈடுகட்ட முடியாது.

இப்போது ஊருக்குள் வருவோம். பழைய பஸ் நிலையம், நேதாஜி மார்க்கெட், லாங் பஜார், ஆஸ்பத்திரிக்கு முன்னால் போகும் ஐடா ஸ்கடர் சாலை. இங்கே வேகம் கிடையாது. வேகம் இல்லாததால் பெரியவர்கள் சாவதும் குறைவு; ஆனால் மூளைக்கு ஓயாத வேலை. வலப்பக்கம் ஆட்டோ, இடப்பக்கம் பைக், முன்னால் கையில் கோப்போடு சாலையைக் கடக்கும் நோயாளியின் உறவினர். அவர் வங்காளத்திலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ நேற்றுதான் வந்திறங்கியிருப்பார். எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. டவுனிலேயே பிறந்து வளர்ந்த முதியவர்கள் இந்த நெரிசலில் ஓட்டுவதை நாம் சொல்லாமலே கைவிட்டுவிடுகிறார்கள். 65-க்கு மேல் பலர் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவுக்கு மாறிவிடுகிறார்கள். கொசப்பேட்டைக்காரருக்கு அது கஷ்டமில்லை, தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது. அவருக்கு அடுத்த ஆபத்து நடையில்தான்: உடைந்த நடைபாதை, மூடி இல்லாத கால்வாய். அது வேறு கதை.

எனக்கு அதிகக் கவலை தருவது டவுனும் இல்லை, கிராமமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் புது நகர்கள்தான். சத்துவாச்சாரி, பாகாயம், காட்பாடி காந்தி நகருக்கு அப்பால் விரிந்துகொண்டே போகும் மனைப்பிரிவுகள். ஓய்வு பெற்ற பணத்தில் அங்கே வீடு கட்டியவர்கள் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று விசாரித்தார்கள், பட்டா சரியா என்று வக்கீலைக் கேட்டார்கள். 75 வயதில் பால் வாங்க எப்படிப் போவோம் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கடை, கோயில், வங்கி, மருந்தகம் எல்லாமே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ஆகவே ஸ்கூட்டர் இல்லாமல் வாழ்க்கை நகராது. அந்த ஸ்கூட்டர் தினமும் அணுகுசாலையில் ஏறி, எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கு வழிவிட்டு, மேம்பாலத்துக்கு அடியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போகிறது. ஆகவே வலப்பக்கத் திருப்பம் என்பது எதிரே வரும் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டும் வேலை. எதிரே வருவது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று இரண்டையும் ஒரே நொடியில் கணக்கிட வேண்டும். முதுமையில் முதலில் பிசகுவது இந்தக் கணக்குத்தான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று இடப்பக்கத் திருப்பம் போட்டு அதே இடத்துக்குப் போய்விடலாம், கொஞ்சம் சுற்று என்றாலும். ஒரு ரயில்வே ஓய்வூதியருக்கு இப்படி ஒரு பாதையைத் தாளில் வரைந்து கொடுத்தோம். முதலில் சிரித்தார். பிறகு வங்கி, கோயில், மருந்தகம் எல்லாவற்றுக்கும் அவரே அப்படி வரைந்துகொண்டார்.

இரு சக்கர வாகனத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. பெரியவர்களைப் பொறுத்தவரை மோதல்தான் வேண்டும் என்பதில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி சாயும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஸ்கூட்டரை எழுபது வயது முழங்கால் தாங்காது, இடுப்பெலும்பு போய்விடும். உங்கள் அப்பா மொபெட் வைத்திருப்பது நல்லது. எடை குறைவு, இருக்கை தாழ்வு, இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்றும். அதை விற்றுவிட்டுப் புது ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது அன்போடு கிளம்பினால் தடுத்துவிடுங்கள். முன்னால் உர மூட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து நெடுஞ்சாலை. சென்னை–பெங்களூர் சாலை வாலாஜாபேட்டையிலிருந்து வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறது. பார்த்தால் சுலபமான சாலை. நடுவில் தடுப்பு உண்டு, எதிர்வண்டி கிடையாது. பெரியவர்கள் பலரும் ‘நெடுஞ்சாலையில் ஓட்டுவதுதான் நிம்மதி’ என்பார்கள். அந்த நிம்மதியில்தான் பிரச்சினை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறது, 80-ல் 22 மீட்டர். கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி தாமதித்தால் ஊருக்குள் அது ஓர் உரசல். இங்கே அது நிற்கும் லாரியின் பின்பக்கம். சாலையோரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகப் போகிறேன் என்று வலது ஓரத் தடத்தில் 45-ல் ஊர்ந்தால் அது இன்னும் மோசம். வண்டிகள் இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று சூரியன். இந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. காலையில் சென்னைப் பக்கம் போனாலும் மாலையில் பெங்களூர்ப் பக்கம் போனாலும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மகள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிறவர் வாணியம்பாடி வரும்போது அந்தச் சூரியனுக்கு எதிரே ஓட்டுகிறார், கிருஷ்ணகிரி தாண்டும்போது இருட்டிவிடுகிறது. இரண்டு கெட்ட நேரங்களும் ஒரே பயணத்தில். பெங்களூர்ப் பயணத்தை நிறுத்தச் சொல்வது இதனால்தான். காட்பாடியிலிருந்து பிருந்தாவன், லால்பாக் என்று பகலில் ரயில்கள் இருக்கின்றன, வந்தே பாரத்தும் நிற்கிறது. சில மணி நேரத்தில் போய்விடலாம். அவர் ரயிலில் வருவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை என்பதை உங்கள் சகோதரிதான் சொல்ல வேண்டும். ‘ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்’ என்று அவர் சொன்னால் போதும்.

கிராமத்துச் சாலைக்கு வருவோம். இதை நகரத்தில் இருக்கும் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. சாலை காலியாக இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். பகலில் அது உண்மை. எல்லோரும் தெரிந்தவர்கள்; அவர் வண்டி வருகிறது என்றால் ஒதுங்கி வழிவிடுவார்கள். எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் அவருக்குக் கை ரேகை மாதிரித் தெரியும். பொழுது சாய்ந்தால் கதை வேறு. தெருவிளக்கு ஊரோடு முடிந்துவிடும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் அடுக்கி வைத்த கற்கள் இருட்டில் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல், டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுகளோடு ஊர்ந்து போகும். மாடுகள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். வர்ணம் போன வேகத்தடைகள் வேறு. சில இடங்களில் சாலையை ஒட்டியே கிணறு, சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. ஏரிக்கரை மேல் போகும் சாலை என்றால் ஓரம் தெரிவதே பெரும்பாடு. எதிரே ஒரு பைக் பிரைட் விளக்கோடு வந்தால் அந்தச் சில நொடிகள் அவர் குருடராகத்தான் ஓட்டுகிறார்.

ஆனால் கிராமத்து முதியவர்தான் கடைசி வரை ஓட்டுகிறவர். வேறு வழி இல்லை என்பதே காரணம். டவுன் பஸ் காலையில் சில நடை, மாலையில் சில நடை. நடுவில் ஆள் சேர்ந்தால் ஷேர் ஆட்டோ. வேலூரில் செல்பேசியில் தட்டினால் வரும் வாடகைக் கார் ஊர்ப் பக்கம் வராது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அம்மாவின் நிலைமை கொஞ்சம் தேவலை. அப்பாக்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை! அது மட்டுமா? உங்கள் அப்பாவிடம் கார் இருப்பதால் தெருவில் யாருக்காவது நெஞ்சு வலி, பிரசவ வலி என்றால் முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவாகத்தான் இருக்கும். சாவியை வாங்குவது என்றால் அந்த இடத்தையும் அவரிடமிருந்து வாங்குவது. அவர் பேச மறுப்பதற்குக் கார் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு 108 இருக்கிறது. இரவில் தட்டினால் அவர் ஓட்ட வேண்டாம், வண்டியையும் சாவியையும் ஓர் இளைஞரிடம் கொடுக்கலாம். ஊரில் உரிமம் உள்ள இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலைச் சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள்; பீஞ்சமந்தைப் பக்கமும் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் சாலை குறுகல். வேகம் இல்லாததால் பகலில் நிதானமான பெரியவர் நன்றாகவே ஏறிவிடுவார், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியை அவர்களுக்குத்தான் நினைவிருக்கிறது. சிக்கல் இறக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். முழங்கால் வலிக்காரர் அந்தக் கடைசி வளைவுகளில் களைத்துப்போவார். மலைக்குப் போவதென்றால் பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும்.

இனி ஆஸ்பத்திரிப் பயணம். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட இதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பிடவில்லை. வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்று விடியலுக்கு முன்பே எழுந்து, அரை இருட்டில் கிளம்புகிறார். பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுவிட்டால், அல்லது இன்சுலின் போட்டுவிட்டால், ஊசூர் தாண்டுவதற்குள் சர்க்கரை இறங்கத் தொடங்கலாம். சர்க்கரை இறங்கும்போது வியர்வையும் நடுக்கமும் வருவதற்கு முன்பே சிலருக்குக் கவனம் சிதறும், முடிவெடுக்கும் வேகம் போய்விடும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. பார்ப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். ஸ்ரீபுரம் கோயிலுக்கு வரும் பஸ்கள், தொரப்பாடி நெரிசல் எல்லாவற்றையும் அந்த நிலையில் தாண்டி வருகிறார்.

பிறகு கண் பிரிவு. விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அதன் பிறகு பல மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் உள்ளது மங்கும். வேலூர் வெயிலில், விரிந்த கண்மணியோடு, களைப்போடு, மதியம் இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களை ஆஸ்பத்திரி வாசல்களில் நானே பார்த்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆகவே ஆஸ்பத்திரி நாளில் ஓட்டவே கூடாது. இதில் பேரம் வேண்டாம். இதை ஓட்டும் திறமையோடு சம்பந்தப்படுத்தாமல் சொல்லலாம் என்பது ஒரு வசதி. ‘சொட்டு மருந்து விட்டால் நானே ஓட்ட மாட்டேன் அப்பா’ என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார்.

மற்ற மாத்திரைகளையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். தூக்க மாத்திரையின் மயக்கம் பெரியவர்களுக்குக் காலையிலும் தொடரும். சிறுநீர்ப் பிரச்சினைக்குத் தரும் சில மருந்துகளால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கார் உண்மையைச் சொல்லும். பின் பம்பரில் புதுக் கீறல்கள் இருந்தால் பின்னால் எடுக்கும்போது கழுத்து திரும்பவில்லை. இடப்பக்க முன்மூலையிலும் கதவிலும் நீளக் கோடுகள் இருந்தால் இடப்பக்க இடைவெளியைக் கண் சரியாக அளக்கவில்லை. கேட் தூணில் அதே நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கும். வலப்பக்கக் கண்ணாடி மடங்கியபடியே இருந்தால் அவர் அதைப் பார்ப்பதே இல்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அணைக்கட்டு வரை போய்வாருங்கள். அறிவுரை வேண்டாம், வாயைத் திறக்காமல் பாருங்கள். வண்டி கிளம்பும்போது எஞ்சின் தேவையில்லாமல் உறுமினால் பாதத்துக்கு ஆக்சிலரேட்டர் தெரியவில்லை என்று பொருள். எங்களிடம் வந்த ஒருவர் ரப்பர் செருப்போடு ஓட்டிக்கொண்டிருந்தார். வலது செருப்பு கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் கிடந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. பத்து வருட சர்க்கரை. பின்வாரோடு கூடிய செருப்பு அல்லது மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ போட்டு ஓட்டுவது அவருக்கு முதல் பாடமாயிற்று. கால் மருத்துவரிடம் காட்டுவது இரண்டாவது.

டிராக்டர் உரசலைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல். டிரெய்லர் கண்ணில் படவே இல்லையா? பட்டும் நிறுத்த நேரம் போதவில்லையா? ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்து இடம் போதவில்லையா? முதலாவது என்றால் கண். புரை அறுவை சிகிச்சையால் பெருமளவு சரியாகக்கூடியது. இரவு ஓட்டத்தை நிறுத்துவதோடு உடனே அதைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்குச் செய்து மறு கண்ணுக்குச் செய்யாத இடைக்காலத்தில் தூரம் அளப்பதில் தடுமாற்றம் இருக்கும் என்பதால் மருத்துவர் சொல்லும் வரை ஓட்ட வேண்டாம். இரண்டாவது என்றால் காலும் வேகமும். நெடுஞ்சாலை மொத்தமாகக் கூடாது. மூன்றாவது என்றால் இடைவெளிக் கணிப்பு. குறுகிய சாலையில் முந்துவதை அடியோடு விட வேண்டும். ‘எனக்கு நினைவில்லை’ என்றாலோ, தெரிந்த வழியில் திசை தவறிப் போகிறார் என்றாலோ விஷயம் வேறு. அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் வரை காரும் வேண்டாம், மொபெட்டும் வேண்டாம்.

கியர் இல்லாத கார் வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அண்ணன்மார்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நாற்பது ஆண்டுகளாக இடது காலால் கிளட்ச் மிதித்தவர் பதற்றத்தில் அதே காலை ஓங்குவார். அங்கே கிளட்ச் இருக்காது, பிரேக் இருக்கும். அல்லது வலது கால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும். அறுபதில் மாறியிருந்தால் நல்லது. 71-ல் மாறுவதென்றால் காலி மைதானத்தில் வாரக்கணக்கில் பழக வேண்டும். அந்தப் பணத்தில் பழைய காருக்குப் பின்பக்கக் கேமரா ஒன்று, அகலமான கண்ணாடி, நல்ல ஹெட்லைட், கீறல் இல்லாத முன் கண்ணாடி போட்டால் பயன் அதிகம். கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012-லேயே அதைத் தடை செய்தது என்பது ஒரு பக்கம். மங்கிய கண்ணுக்கு மாலையில் அது இன்னொரு புரை.

சட்டம் என்ன சொல்கிறது? சொந்த வண்டி ஓட்ட உச்ச வயது வரம்பு இந்தியாவில் கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 55 வயதுக்கு மேல் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்று வேண்டும். காலாவதி தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை. தேதி முடிந்த மறுநாளே அவர் உரிமம் இல்லாதவர். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால்தான். அப்பாவின் உரிமத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கிராமத்தில் பலருடையது எப்போதோ முடிந்திருக்கும்.

உரிமப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா? பெரும்பாலோர் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை, ‘ஆம்’ என்று குறித்துவிடுகிறார்கள். சான்றில் கையெழுத்துப் போடும் மருத்துவர்களிலும் நிமிர்ந்து பார்க்காமலே போடுகிறவர்கள் உண்டு. வீட்டு வாசலில் நீங்களே செய்து பாருங்கள். சாதாரண நடைக்கு 33 எட்டுகள் வைத்தால் ஏறக்குறைய 25 மீட்டர். அவர் பார்த்திராத எண் உள்ள வண்டியாக இருக்கட்டும், டி.என். 23 என்பதை எல்லோரும் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். காலையில் படித்துவிட்டார் என்றால் மாலை ஆறரைக்கு அதே இடத்தில் நிற்க வையுங்கள். சட்டம் பகல் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறது. மாலைச் சோதனை அவருக்காக. அங்கே எழுத்து தெரியவில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டால் இரவு ஓட்டத்தைப் பற்றி நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

இனி ஏற்பாடு. வேலூரில் ஆக்டிங் டிரைவர்கள் நாள் கூலிக்குக் கிடைப்பார்கள். ஆனால் வேலூரிலிருந்து ஒருவரை விடியற்காலையில் அணைக்கட்டுக்கு வரவழைப்பதைவிட அவர் ஊரிலேயே ஒருவரைப் பிடியுங்கள்: பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அல்லது பள்ளி வேன் ஓட்டும் பையன். மாதத்தில் ஆஸ்பத்திரித் தேதி முன்பே தெரியும் என்பதால் அந்த நாளுக்கு அவரை நிரந்தரமாகப் பேசிவைத்துக் கூலியை நீங்கள் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். அப்பா கையால் கொடுக்கும்படி விட்டால் இரண்டாம் மாதம் ‘எதற்கு வீண் செலவு’ என்று அவரே ஓட்டக் கிளம்பிவிடுவார். கார் அவருடையதாகவே இருக்கட்டும், முன் இருக்கையில் அவரே உட்காரட்டும். எந்த வழியில் போக வேண்டும், எங்கே நிறுத்தி டீ குடிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். டிரைவரிடம் முன்பே ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பெரியவர் வழி சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது. எங்கள் பள்ளியில் பழகிய பையன்களை இப்படி அனுப்பும்போது நாங்கள் சொல்லி அனுப்பும் முதல் விதி அதுதான்.